கண்ணுக்குள்ள வச்ச கறுப்புப் புள்ளி

போட்டோ புடிக்கிறது என் தொழில்னு கடை போர்டுல எழுதியிருக்கேன், ஆனா நெசமா நான் செய்யுற தொழில் அழிக்கிறது.

பசறை டவுன்ல, பஸ் திரும்புற எடத்துக்கு எதிர மாடியில என் ஸ்டூடியோ. ஐடென்டிட்டி போட்டோவுக்கு வர்ற பொண்ணு, "அக்கா, கன்னத்துல இந்தப் பருவ மட்டும்"னு இழுப்பா. அழிப்பேன். மாலையோட நிக்கிற ஜோடிக்குப் பின்னால, லயத்து வரிசை வீட்டுக் கொடியில யாரோ ஒருத்தியோட உள்பாவாடை காஞ்சுக்கிட்டு இருக்கும். அழிப்பேன். குடும்பப் படத்துல இருந்து மாமியாரையே எடுத்துட முடியுமான்னு கேட்டவளும் உண்டு. அத மட்டும் செய்யல, எனக்கும் மாமியார் இருக்காங்க. கடை வச்சு, வர்றவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி கழுத்து வலி வந்தவங்க யாராவது இத படிச்சீங்கன்னா, என் பாடு உங்களுக்குத் தெரியும்.

இப்படி கேட்டதையும் கேக்காததையும் அழிச்சுக்கிட்டே வந்தவ, ஒரு நாள் அழிக்கவே கூடாத ஒண்ண அழிச்சுத் தொலைச்சுட்டேன். ஒரு வயசுக் கொழந்தையோட கண்ணு அதுல மாட்டிக்கிச்சு. அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன். நடுவுல மாப்பிள்ளை, ஆடு, மாடுன்னு ஆளாளுக்கு வருவாங்க. பொறுத்துக்கங்க, அவங்க இல்லாம கதை நகராது.

மாப்பிள்ளை கண்ணு செவந்த கதை

தொழிலுக்கு வந்த புதுசு. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கல்யாணம். மத்தியானமே பனி எறங்கி, மண்டபத்துக்குள்ள ஆளு மூஞ்சி ஆளுக்குத் தெரியல. நானும் ஃபிளாஷ் மேல ஃபிளாஷா அடிச்சுத் தள்ளினேன். ஆல்பத்த குடுத்த மூணாம் நாள், ரெண்டு குடும்பமும் ஒண்ணா என் மாடிப்படி ஏறி வருது. சந்தோசமா வர்ற நடையில்ல அது. பொண்ணோட அம்மா ஆல்பத்த மேசையில போட்டு விரிச்சாங்க. படத்துக்குப் படம் மாப்பிள்ளை கண்ணு ரெண்டும் அடுப்புக் கங்கு மாதிரி செவந்து கெடக்கு. "எம் பொண்ண மணவறையில உக்கார வச்சுட்டு இவன் பின்பக்கமா போயி ஊத்திக்கிட்டு வந்திருக்கான்"னு அந்தம்மா ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டாங்க. மாப்பிள்ளை பாவம், டீயில சீனி கூட கொறச்சுப் போட்டுக் குடிக்கிற புள்ள. அழுவுற மாதிரி நின்னான்.

இருட்டுல ஃபிளாஷ் அடிச்சா சில பேருக்கு அப்படி விழும்னு எனக்குத் தெரியும், ஏன் விழுதுன்னு தெரியாது. ஏன்னு தெரியாததால நான் சொன்னத யாரும் நம்பல. அவங்க கண்ணு முன்னாலயே கம்பியூட்டர தொறந்து, செவப்பு மேல கறுப்புப் புள்ளி ஒண்ணு, ஓரத்துல வெள்ளையா ஒரு மினுக்கு, அவ்வளவுதான், மாப்பிள்ளை குடிய விட்டுட்டாரு. பொண்ணோட அம்மா மூக்க சிந்திக்கிட்டு சமாதானமாகிட்டாங்க. அன்னையில இருந்து படத்த ஏத்தினதும் மொத வேலையா எல்லார் கண்ணுலயும் புள்ளி வச்சுடுவேன், யாரும் கேக்கணும்னு இல்ல. அந்தப் பழக்கத்த எனக்கு உண்டாக்கி விட்டது மாப்பிள்ளையோட தாய்மாமன் படியிறங்கும்போது சொல்லிட்டுப் போன வார்த்தை.

"தங்கச்சி, இனிமே யார் கண்ணு செவந்தாலும் மொதல்ல அழிச்சுடு, அப்புறமா ஆல்பத்த குடு, இல்லாட்டி நீ போட்டோ புடிக்கல, குடும்பத்த பிரிக்கிற."

மேசைக்குக் கீழ கறுப்பன்

லுணுகலை போற வழியில ஒரு தோட்டம். அங்க ரேவதின்னு ஒரு பொண்ணு, கொழுந்து பறிக்கிறவ. அவ மக கனிஷாவுக்கு மொதப் பொறந்தநாள். புள்ளயோட அப்பா கொழும்புல ஒரு கடையில வேலை, லீவு கெடைக்கல. "அக்கா, அவரு பாக்கப் போறது உங்க படத்தத்தான், நல்லா வரணும்"னு ரேவதி போன்லயே மூணு தடவ சொல்லிட்டா. எங்க வீட்டுக்காரர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுறவர், எல்லா எடத்துக்கும் என்ன ஏத்திக்கிட்டுப் போறது அவர்தான். போன எடத்துல கேக் திங்கிறதும், தன் போன்ல கண்டபடி படம் எடுக்கிறதும் அவர்தான். "நான் இருக்கும்போது நீங்க போன்ல எடுத்தா என் தொழிலுக்கு என்ன மரியாதை?"ன்னு நான் திட்டுறது எங்களுக்கு வழக்கம்.

லயத்து வீட்டு முன்வாசல் இஸ்தோப்புல மேசை போட்டு, ரோஸ் கலர் கேக் வச்சு, புள்ளைக்குக் கன்னத்துல தோசை சைசுக்கு திருஷ்டிப் பொட்டு. கறுப்பன்னு அவங்க வீட்டு நாயி மேசைக்குக் கீழ விழுற துணுக்குக்கு காத்துக்கிட்டு இருந்துச்சு. பொழுது எறங்கிருச்சு, ஒத்த பல்பு. ஃபிளாஷ் அடிச்சேன். கடைக்கு வந்து படத்த ஏத்தினா, கறுப்பன் கண்ணு ரெண்டும் பச்சையா எரியுது. புள்ளயோட வலது கண்ணு செவப்பு, அது வழக்கந்தான். இடது கண்ணு மட்டும் செவப்பில்ல. வெள்ளையும் மஞ்சளுமா, கறுப்பன் கண்ணு மாதிரி, உள்ள இருந்து பளிச்சுன்னு மின்னுது. ஒரு படத்துல இல்ல, நாலஞ்சு படத்துல.

நான் என்ன செஞ்சேன்னு நெனக்கிறீங்க? கேக்குல இருந்த மெழுகுவத்தி வெளிச்சம் பட்டிருக்கும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். வெறும் புள்ளி வச்சா ஒத்துவரல, மின்னல் ரொம்ப அகலம். அதனால வலது கண்ண சரிபண்ணி, அத அப்படியே வெட்டித் திருப்பி இடது பக்கம் ஒட்டினேன். ஒட்டின எடமே தெரியாது. எனக்கே என் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருந்துச்சு. அதுல ஒண்ண பெருசாக்கி ஃபிரேம் போட்டு குடுத்தேன். ரேவதி அத மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தா.

"அக்கா, நேர்ல இருக்கிறத விட படத்துலதான் எம்புள்ள கண்ணு அழகா இருக்கு."

தேயிலைக்குள்ள சிறுத்தை

ஒரு மாசம் கழிச்சு, அதே லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து கங்காணி ஒருத்தர் ரெண்டு ஆளோட கடைக்கு வந்தார். தோளுல கம்பளி, மூஞ்சியில பீதி. போன நீட்டினார். முழுக்க இருட்டு, நடுவுல ரெண்டு பச்சைப் புள்ளி. "சிறுத்தை தங்கச்சி. நேத்து ராத்திரி எங்க லயத்துக்கு மேல தேயிலைக்குள்ள நின்னு என்னயே பாத்துச்சு. இத பெருசாக்கிக் குடு, தோட்டத்துத் தொரைகிட்ட காட்டி வெடி போட ஆளு கூப்பிடணும்"னார். கூட வந்தவர், அது உறுமினத தன் காதால கேட்டதா சத்தியம் பண்ணினார். எங்க பக்கம் சிறுத்தை வர்றது உள்ளதுதான், அதனால நானும் நம்பித்தான் கம்பியூட்டர்ல ஏத்தினேன்.

வெளிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன். மொதல்ல காது வந்துச்சு. சிறுத்தைக்கு காது இப்படித் தொங்குமான்னு யோசிச்சேன். அப்புறம் கொம்பு வந்துச்சு. அப்புறம் கழுத்துல நீலக் கயிறு. கங்காணி கண்ண சுருக்கிக்கிட்டு கிட்ட வந்து பாத்தார். நாலு நாளா காணோம்னு அவரு லயம் லயமா தேடிக்கிட்டு இருந்த அவரோட சொந்த வெள்ளாடு அது. உறுமல் கேட்டவர் மெதுவா படிப்பக்கம் நகர்ந்தார். ஒரு ஆட்டுக்கண்ணு எதுக்கு இப்படி சிறுத்தைக்கண்ணு மாதிரி எரியணும்னு எனக்கு அன்னைக்கு ஒரு கேள்வி வந்துச்சு. கறுப்பன் ஞாபகமும் வந்துச்சு. அதோட சேர்ந்து அந்தப் புள்ள கண்ணும் ஞாபகம் வந்திருக்கணும், வரல. நான்தான் அத அழிச்சு முடிச்சுட்டேனே, மனசுல இருந்தும் போயிருச்சு. கங்காணி மட்டும் தலைய சொறிஞ்சுக்கிட்டே நின்னார்.

"சிறுத்தைக்குப் பயந்து காலையில ஒரு லயமே வேலைக்குப் பேரு குடுக்க பெரட்டுக்குப் போகல தங்கச்சி, தொரைக்கு நான் சொல்லிக்கிறேன், நீ அந்தக் கொம்ப மட்டும் அழிச்சுக் குடேன்."

மாட்டுக்கும் ஒரு போட்டோ

அதுக்கப்புறம் ஒரு பால் சங்கத்துல இருந்து கூப்பிட்டாங்க. ஒவ்வொரு மாட்டையும் காதுத்தகடு தெரியுற மாதிரி படம் எடுத்து பதியணுமாம். மனுசங்க மாதிரி "தாடைய கொஞ்சம் தூக்குங்க"ன்னு சொல்ல முடியாது பாருங்க, ஒரு மாடு என் தோள்ல கெடந்த ஷோல் நுனிய பாதி தின்னுருச்சு. தோட்டத்து மாட்டுப்பட்டிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம், உள்ள இருட்டு. அங்க மாடுகளுக்கு ஊசி போட வந்த டொக்டரும் இருந்தார். சிங்கள ஆளு, நம்ம தோட்டத்து மாடுகளோட பழகிப் பழகி நல்ல தமிழ் பேசுவார். எடுத்த படத்த கேமராவுல பாத்துட்டு, "ஐயோ, எல்லாத்துக்கும் கண்ணு எரியுதே, கடைக்குப் போயி கறுப்படிக்கணும்"னு நான் பொலம்பினேன். அவர் சிரிச்சார். "ஏன் அடிக்கிறீங்க? அதுதான் நல்ல மாட்டுக்கண்ணு"ன்னார்.

மாட்டுக்கண்ணுக்கு உள்ள, பின்பக்கமா கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு தோல் இருக்காம். உள்ள போற வெளிச்சத்த கண்ணு ஒரு தடவ பாக்கும், அந்தத் தோல்ல பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு தடவ பாக்கும். கொஞ்சூண்டு வெளிச்சத்த ரெண்டு தடவ பாவிக்கிறதாலதான் இருட்டுல அதுக்குப் பாதை தெரியுதாம். மிச்சம் வெளிய வந்து நம்ம மூஞ்சியில அடிக்குது, அத பாத்துத்தான் நாம அலறுறோம். நாய், பூனை, ஆடு, சிறுத்தை எல்லாத்துக்கும் அந்தக் கண்ணாடி உண்டு. "பன்னிக்கு இல்ல, கொரங்குக்கு இல்ல, நமக்கும் இல்ல. நம்ம கண்ணுக்குப் பின்னால ரத்தம் ஓடுது, அதனால ஃபிளாஷ் அடிச்சா செவப்பு"ன்னார். அந்த ஹல்துமுல்லை மாப்பிள்ளைய நெனச்சுக்கிட்டேன். இது அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ள மானத்த வார்த்தையாலயே காப்பாத்தியிருப்பேன்.

இதோட நான் வாய மூடியிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்த சொல்லாம இருக்க முடியுமா? "டொக்டர், ஒரு வயசுப் புள்ளைக்கு ஒரு கண்ணு மட்டும் நாய்க்கண்ணு மாதிரி வெள்ளையா மின்னினத நான் பாத்திருக்கேன். அடுத்த கண்ண வெட்டி ஒட்டி, ஆளு கண்டுபிடிக்காத மாதிரி சரிபண்ணிக் குடுத்தேன்"னேன். அவர் ஊசிய கையில புடிச்சபடியே நின்னுட்டார். எத்தன படத்துல, எந்தக் கண்ணுல, எத்தன நாளாச்சுன்னு ஒண்ணொண்ணா கேட்டார். நாலஞ்சு படம், இடது கண்ணு, மூணு மாசம்னு சொன்னேன். 

"நான் மாட்டு டொக்டர், நிச்சயமா சொல்ல மாட்டேன், சில நேரம் கேமரா புடிச்ச கோணத்தாலயும் அப்படித் தெரியும், ஆனா உள்ள ஏதாவது வளர்ந்தாலும் அப்படித்தான் தெரியும், அதனால அந்தப் புள்ளைய உடனே தேடிப் போங்க."

வீட்டுக்காரரோட போன்

மாடு எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு கடைக்கு ஓடி வந்தேன். வெறும் வாயால போய் சொன்னா எப்படி நம்புவாங்க? அந்த மாப்பிள்ளை வீட்டு அனுபவம் எனக்கு இருக்கே. அழிக்கிறதுக்கு முந்தின படம் வேணும். கம்பியூட்டர் பூரா தேடினேன். அழகான கண்ணோட கனிஷா இருவது படத்துல சிரிக்கிறா, ஒண்ணுலயும் அந்த வெளிச்சம் இல்ல. எடம் பத்தாதுன்னு பழைய படத்தயெல்லாம் மாசக் கடைசியில தொடச்சு எடுத்துடுறது என் வழக்கம். நான் என் தொழில எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. கீபோர்டு மேல தலைய வச்சு அழுதுட்டேன்.

வீட்டுக்காரர் தன் போன எடுத்துத் தடவிக்கிட்டு இருந்தார். இந்த மனுசனுக்கு இப்பவும் போன் தேவையான்னு எனக்கு எரிச்சல். பொறவு அத என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். கேக் முன்னால ரேவதி மடியில கனிஷா. பாதி தலை வெட்டுப்பட்டு, கோணலா, ஓரத்துல அவரோட கட்டை விரல் வேற. அந்தப் படத்துல கனிஷாவோட இடது கண்ணு வெள்ளையா மின்னுது. மூணு மாசமா அவரு பொக்கெட்டுலயே இருந்திருக்கு. நான் திட்டித் திட்டியும் அவரு எடுத்த படம். பதினெட்டு வருசக் குடும்பத்துல அன்னைக்குத்தான் மொத தடவ அவரு கைய புடிச்சுக்கிட்டு மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன்.

"எனக்கு எடுக்கவும் தெரியாது, அழிக்கவும் தெரியாதுன்னு நீயே சொல்லுவியே, அதுதான் இருக்கு, வா, வண்டிய எடுக்கிறேன்."

புள்ளக்காம்பரா வாசல்ல

தோட்டத்துல தாய்மாரு மலைக்குப் போகும்போது கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடத்துக்கு புள்ளக்காம்பரான்னு பேரு. அன்னைக்கு போன போது இருட்டிருச்சு, ரேவதி வீட்டுல இல்ல, லுணுகலையில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தா. அந்த ராத்திரி நான் கண்ண மூடல. மறுநாள் மத்தியானம் புள்ளக்காம்பரா வாசல்லயே போய் நின்னோம். இடுப்புல கட்டின சாக்கோட மலையில இருந்து எறங்கி வந்த ரேவதி எங்கள பாத்து, "என்னக்கா, அடுத்த பொறந்தநாளுக்கு இப்பவே வந்துட்டீங்களா?"ன்னு சிரிச்சா.  வீட்டுக்காரரோட போன அவகிட்ட நீட்டினேன்.

பாத்தா. "ஆமாக்கா, ராத்திரி லைட் போட்டா சில நேரம் இப்படி மின்னும். பூனைக்கண்ணு அதிர்ஷ்டம்னு லயத்துல எல்லாரும் சொன்னாங்க. யார் கண்ணும் படக்கூடாதுன்னுதான் பொட்ட பெருசா வச்சேன்"னா. அப்பதான் பொட்டு ஏன் தோசை சைசுல இருந்துச்சுன்னு எனக்கு வெளங்கிச்சு. அவ கன்னத்துல வச்சா, நான் கண்ணுல வச்சேன், ரெண்டு பேருமா சேர்ந்து மறைச்சிருக்கோம்.

புள்ளைங்கள பாத்துக்கிற ஆயா ஒரு வேலை செஞ்சாங்க. கனிஷா கையில பிஸ்கட்ட குடுத்துட்டு, வெளையாட்டு மாதிரி உள்ளங்கையால இடது கண்ண மூடினாங்க. புள்ள பாட்டுக்கு பிஸ்கட்ட கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. வலது கண்ண மூடினாங்க. வீல்னு கத்தி அந்தக் கைய பிச்சு எறிஞ்சுச்சு. மறுபடி இடது, சத்தமில்ல. மறுபடி வலது, கத்தல். ஆயா கைய எடுத்துட்டு எங்க மூஞ்சிய பாத்தாங்க. நான் செஞ்சத எல்லாம், வெட்டி ஒட்டினத எல்லாம், ரேவதிகிட்ட அங்க வச்சே சொல்லிட்டேன். அவ சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீங்க அழிக்காம குடுத்திருந்தா, இது என்னான்னு நான் அன்னைக்கே கேட்டிருப்பேனேக்கா."

பதுளை, அப்புறம் கொழும்பு

அன்னைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். போன்ல இருந்த படத்த டொக்டரம்மா பாத்த ஒடனே, வரிசையில நின்ன எங்கள உள்ள கூப்பிட்டுக்கிட்டாங்க. கண்ணுக்கு மருந்து ஊத்தி, லைட் அடிச்சு, நிதானமா பாத்தாங்க. ரெண்டு நாள்ல கொழும்புக்கு அனுப்பி வச்சாங்க. அங்க புள்ளயோட அப்பா, கடையில சொல்லிட்டோ சொல்லாமலோ, போட்ட சட்டையோட ஓடி வந்து நின்னார். கண்ணுக்குள்ள பின்பக்கமா கட்டி. அது வளர்ந்து அந்தக் கண்ணையே புடிச்சுருச்சு. கண்ண எடுத்துடணும், எடுத்தா புள்ளைக்கு ஆபத்தில்ல, அடுத்த கண்ணு சுத்தமா இருக்குன்னு அங்க இருந்த கண்ணு டொக்டர்மார் சொன்னாங்க. ரேவதி அடுத்த கண்ண பத்தி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டா. சுத்தமா இருக்குன்னு அவங்களும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

நான் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒண்ணு இருந்துச்சு. ஆபரேசன் முடிஞ்சு, புள்ள முழிச்சு, பால் குடிச்சதுக்கு அப்புறம் அவங்கள்ல பெரிய டொக்டர தனியா புடிச்சேன். மூணு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா கண்ணு தப்பியிருக்குமான்னு கேட்டேன். ஏன் கேக்குறேன்னும் சொன்னேன்.  அவர் பொய் சொல்லி என்ன தேத்தியிருக்கலாம், செய்யல. அதுக்கு நான் இன்னைக்கும் அவர கும்புடுறேன்.

"தப்பியிருக்கலாம், தப்பாமலும் இருந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது, இன்னும் தள்ளிப் போயிருந்தா புள்ளையே தப்பியிருக்காது, அது எனக்கு நல்லாத் தெரியும்."

ரெண்டாவது கேக்

அதுக்கப்புறம் ரேவதி என்னோட பேசல. நானா போன் எடுத்துப் பேசவும் எனக்குத் தைரியமில்ல. கடையில ஒக்காந்திருப்பேன், ஏதாவது புள்ளயோட படம் வந்தா புள்ளி வைக்கிறதுக்கு முன்னால கண்ணு ரெண்டையும் பெருசாக்கிப் பாப்பேன், வித்தியாசமா இருந்தா தாய தகப்பன கூப்பிட்டுச் சொல்லுவேன். ஒருத்தர், "போட்டோக்காரிக்கு எப்பருந்து டொக்டர் வேலை?"ன்னு கேட்டார். கேட்டுட்டுப் போகட்டும்னு சிரிச்சு வச்சேன். இப்படியே மாசக் கணக்குல ஓடி, ஒரு நாள் போன் அடிச்சுச்சு. "அக்கா, கனிஷாவுக்கு ரெண்டு வயசு. வருவீங்கதானே?" நான் வாய தொறக்குறதுக்குள்ள வீட்டுக்காரர் போன புடுங்கி, "வர்றோம்மா, கேக்க பெருசா சொல்லு"ன்னார்.

அதே இஸ்தோப்பு, அதே ஒத்த பல்பு, அதே கறுப்பன், மேசைக்குக் கீழ. இந்தத் தடவ அப்பா லீவு எடுத்துட்டு வந்திருந்தார். கனிஷா ஓடுறா, விழுறா, கறுப்பன் காத புடிச்சு இழுக்குறா. இடது பக்கம் வச்ச பொய்க்கண்ணு நல்லா பொருந்தியிருக்கு, தெரியாதவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ள எட்டிப் பாத்தேன். நான் வெட்டி ஒட்டின அந்தப் பெரிய படம் செவுத்துல இல்ல. கழட்டிட்டு, வெறும் ஃபிரேம மட்டும் அதே ஆணியில மாட்டி வச்சிருந்தா.  கேமராவ தூக்கி, மூணு பேரையும் நிக்க வச்சு, ஃபிளாஷ் அடிச்சேன்.

எல்லாரும் வந்து என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தாங்க. கீழ கறுப்பன் கண்ணு பச்சையா எரியுது. கனிஷாவோட இடது கண்ணு கறுப்பா, அமைதியா, நான் புள்ளி வச்சது மாதிரியே இருக்கு. வலது கண்ணு நல்லாச் செவந்து கெடக்கு. பழக்க தோசம் பாருங்க, "இத கடைக்குப் போயி சரிபண்ணி"ன்னு ஆரம்பிச்சு நாக்க கடிச்சுக்கிட்டேன். ரேவதி என் கைய புடிச்சா. அந்த வெறும் ஃபிரேம ஒரு தடவ திரும்பிப் பாத்தா.

"இந்தப் படத்ததான்கா அதுல போடணும், அந்தச் செவப்ப மட்டும் அழிச்சிடாதீங்க, எம்புள்ளைக்கு நல்லாருக்கிற கண்ணு அது."

அதுல இருந்து பசறை வட்டாரத்து மாப்பிள்ளைமாரு எல்லாரும் என் ஆல்பத்துல செவந்த கண்ணோடதான் நிக்கிறாங்க, குடிச்சவரு யாரு குடிக்காதவரு யாருன்னு பொண்ணு வீட்டுக்காரங்க வேற வழியில விசாரிச்சுக்கட்டும்.